ஒற்றைக் கயிற்றைப் பார்த்தவர்

அவர் பெயரை எழுத மாட்டேன். புருஷனுடைய சித்தப்பாவைப் பெயர் சொல்லிப் பேச எங்கள் பக்கத்தில் எந்த மருமகளுக்கும் நாக்கு எழாது. எனக்கு இந்த வயதிலும் கை எழவில்லை. சின்ன மாமா என்றே எழுதுகிறேன். கோவளத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் நான் மருமகளாகப் போய் இறங்கிய நாளிலேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது?

கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு மணையைச் சுற்றி வந்தார். கூச்சமோ என்னவோ, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஒரே ஓட்டம். நான் புடவை தடுக்கத் தடுக்கப் பின்னால் போனேன். கூட்டத்தின் நடுவிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"மாப்ள, முந்தாதடா! பொண்ணு பின்ன மாட்டிகினு வர்து பாரு!"

பந்தலே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. தாலி கட்டின நேரத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற இந்த ஆள் யார் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒல்லியாக, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். தோளில் சிவப்புத் துண்டு.

அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொல்ல முடியும். கரைவலை போடும்போது படகு வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு நீளக் கயிறு கரைக்கு வரும். கயிற்றுக்குப் பதினைந்து பேர், தள்ளித் தள்ளி நின்று இழுப்பார்கள். ஒரு பக்கம் முந்திவிட்டால் வலை கோணிப்போகும், உள்ளே இருக்கிற மீனெல்லாம் நழுவிவிடும். இழுக்கிறவனுக்குத் தன் கயிறுதான் தெரியும், அடுத்த கயிறு தெரியாது. அதனால் நடுவில், நன்றாகப் பின்னால் தள்ளி, மணல் மேட்டில் ஓர் ஆள் நிற்பார். அவர் துண்டை இடது பக்கம் வீசினால் இடது கயிறு நிற்க வேண்டும், வலது பக்கம் வீசினால் வலது கயிறு நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டு முடிப்பதற்குள் மீன் போய்விடும். எங்கள் குப்பத்தில் அப்படி நின்றவர் சின்ன மாமா.

இருபது வருடம் அங்கே நின்று நின்று மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் இரண்டாகத்தான் தெரிந்தது. இரண்டு பெண்கள் ஒரு கூடையை இருபக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனால் நிறுத்திவிடுவார். "நீ ஒசரமா புடிக்கிற, அது தோளு நோவுது பாரு" என்பார். கழற்றிப் போட்ட செருப்பைப் புரட்டிப் பார்த்து, எந்தக் கால் செருப்பு அதிகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். அவர் சொல்வது சரியாகவே இருக்கும், அதுதான் எரிச்சல். சொன்னதைத் திருப்பி வாங்கின சரித்திரமே கிடையாது. "ரெண்டு கவுறும் கண்ணுல இருக்கணும், அப்பால வாயத் தொறக்கணும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் குப்பத்துக்கு டி.வி. வந்தது. ஊருக்கே ஒரு பெட்டி. பஞ்சாயத்துக் கட்டடத்தின் வாசலில், கதவு வைத்த மரக் கூண்டுக்குள் வைத்தார்கள். சாயங்காலமானால் திறப்பார்கள். கடல் காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் படம் முழுக்கக் கொசுவாக மொய்க்கும். அப்போது சனிக்கிழமைதோறும் ஜோடி ஆட்டப் போட்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. சுற்று வட்டார ஊர்களிலிருந்து புருஷன் பெண்டாட்டியாக வந்து ஆடுவார்கள். அதில் சினிமா ஆட்டமும் இருக்கும், வயல் ஆட்டமும் இருக்கும்.

நாங்கள் எல்லாரும் பெட்டிக்கு முன்னால் மணலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். சின்ன மாமா மட்டும் உட்கார மாட்டார். கரையில் நிற்கிற மாதிரியே, பெட்டிக்கு நேர் எதிரே, கூட்டத்துக்கெல்லாம் பின்னால் தள்ளி நிற்பார். பாட்டு முடிகிற வரை பேச மாட்டார். முடிந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தொண்டையைச் செருமுவார். உடனே கூட்டம் முழுக்கத் தலையைத் திருப்பி அவரைப் பார்க்கும்.

முதல் வாரம் செங்கல்பட்டிலிருந்து ஒரு ஜோடி. அந்தப் பையன் தலையைச் சிலுப்பிக்கொண்டு சினிமாக்காரன் மாதிரி ஆடினான். எங்கள் பெண்களுக்கெல்லாம் வாய் மூடவில்லை.

"இவன் நம்மள பாத்து ஆடறான். பக்கத்துல ஒருத்தி கீறான்றதே மறந்துட்ச்சி அவனுக்கு" என்றார் சின்ன மாமா.

அடுத்த வாரம் படாளத்திலிருந்து ஒரு விவசாய ஜோடி. அந்தம்மா நல்ல பருமன், இரண்டு சுற்று வந்ததுமே மூச்சு வாங்கியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. அவன் பாட்ட வுட்டுட்டான். அந்தம்மா மூச்சுக்கு ஆடினுகீறான். இதுங்கதான் கெலிக்கும், எழுதி வெச்சிக்குங்க."

அவர் சொன்னபடியேதான் பிறகு நடந்தது. ஆட்டத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவும் மாட்டார். "இவ அவன இஸ்துகினு போறா, வூட்லயும் இவ ராஜ்ஜியந்தான்" என்று குடித்தனத்துக்குள்ளும் புகுந்துவிடுவார். அதுதான் கூட்டத்துக்கு ரொம்பப் பிடிக்கும். பெட்டி சில நேரம் ஆடுகிறவர்களில் ஒருத்தர் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டும், இல்லாவிட்டால் காலை மட்டும் காட்டும். அப்போது அவருக்குப் பொறுக்காது. துண்டை எடுத்து வீசி, "பின்ன போ, பின்ன போ, ரெண்டு பேரையும் காட்டு" என்று பெட்டியையே விரட்டுவார். ஒரு தடவை அவர் வீசின நேரம் பார்த்துப் படமும் பின்னால் போய் இரண்டு பேரையும் காட்டியது. ஐயோ, அன்றைக்கு நாங்கள் அடித்த விசில்! அவருக்கே கொஞ்சம் பெருமை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவகி அம்மா எங்கள் குப்பத்திலிருந்தும் ஒரு ஜோடி ஆட வேண்டும் என்றார். கட்டின புருஷனும் பெண்டாட்டியும் ஆடினால்தான் சம்மதம் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். கல்யாணம் ஆகி மூன்று வருடம், கையில் குழந்தை இல்லை, மாசி மகத்தில் கும்மி அடிப்பவள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். வலை இழுக்கிற ஆட்டம். இரண்டு பேரும் ஆளுக்கொரு கயிற்று முனையோடு இரண்டு பக்கத்திலிருந்து வந்து, சுற்றி, நடுவில் சேர வேண்டும். செங்கல்பட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடிக் காட்டித் தேர்வானோம். பிறகு மெட்ராசுக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே நடந்ததை இரண்டே பேர்தான் அறிவோம். விளக்கு என்றால் அப்படி ஒரு விளக்கு, மூஞ்சி வெந்துவிடும். என் வீட்டுக்காரர் மிரண்டுபோனார். வலது பக்கம் திரும்ப வேண்டியவர் இடது பக்கம் திரும்பிவிட்டார். அரைச் சுற்றுப் பின்தங்கி, முழித்து, ஓடி வந்தார். நான் தூக்கின காலை அப்படியே வைத்து, அவர் வந்து சேருகிற வரை தாளத்தை விட்டுவிட்டு நின்றேன். அவர் வந்ததும் சேர்ந்துகொண்டேன். யாருக்கும் தெரிந்திருக்காது என்று பஸ்ஸில் வரும்போது அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் ஆட்டம் டி.வி.யில் வந்த சனிக்கிழமை குப்பத்தில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கோவளத்திலிருந்து கூட வந்திருந்தார்கள். என்னையும் என் வீட்டுக்காரரையும் முன்னால் உட்கார வைத்தார்கள். என் மாமியார் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். ஆட்டம் ஆரம்பித்ததும் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் ஒன்று நடந்தது. சரியாக என் வீட்டுக்காரர் தப்பாகத் திரும்பின நேரத்தில் பெட்டி என் காலை மட்டும் பெரிதாகக் காட்டியது. கொலுசு போட்ட கால், தாளத்தை விட்டுவிட்டு அசையாமல் நின்றது. அப்புறம் படம் பின்னால் போனபோது என் வீட்டுக்காரர் தன் இடத்தில் சரியாக வந்து நிற்கிறார். படாளம் ஜோடிக்கு முதல் பரிசு, எங்களுக்கு மூன்றாவது என்று அறிவித்தார்கள். கூட்டம் திரும்பிச் சின்ன மாமாவைப் பார்த்தது.

அன்றைக்கு அவர் துண்டை வீசவில்லை. பின்ன போ என்று விரட்டவில்லை. சொந்த அண்ணன் மகன் ஆடுகிறான் என்ற பூரிப்பில் மறந்திருப்பார். துப்பினார், செருமினார்.

"பொண்ணு கவுறு தளந்துட்ச்சி. பையன் நல்லாத்தான் இஸ்தான். ஆட்டத்துல தளந்தது வூட்லயும் தளரும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மணலைப் பார்த்தார். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிற இடத்தில் புருஷனைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொல்லுவார் என்று இருந்தேன். அவர் விரலால் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

மறுநாளிலிருந்து எனக்குத் தளர்ந்த கயிறு என்று பெயர். குழாயடியில் அந்தப் பெயர், மீன் கூடை இறக்குகிற இடத்தில் அந்தப் பெயர். என் மாமியாருக்கு அது கையில் கிடைத்த விளக்குமாறு. உலை கொதிக்க நேரமானால் தளர்ந்த கயிறு, கருவாட்டில் மழை பட்டால் தளர்ந்த கயிறு. மூன்று வருடமாக வயிற்றில் ஒன்றும் தங்காததற்கும் அதுதான் காரணம் என்று ஆகிவிட்டது. "சொன்னது யாரு? அவர் கண்ணு பொய் சொல்லுமா?" என்பார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, "உங்க ஆத்தா வூட்ல போய் கெட, நாங்க வேற பாத்துக்கறோம்" என்று என் துணிப்பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். என் வீட்டுக்காரர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் என் பிறந்த வீடு. நான்கு மாதம் அங்கே கிடந்தேன். வேறு பெண் பார்க்கிறார்களாம் என்று காதுக்கு வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை வந்தார். கருவாடு கொண்டுவந்தார், சோறு சாப்பிட்டார், போய்விட்டார். வா என்று கூப்பிடவில்லை. ஒரு வாய்ச்சொல்லில் என் வாழ்க்கை போய்விட்டதே என்று சின்ன மாமாவைத்தான் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். புருஷனைத் திட்ட அப்போது எனக்குத் தெரியவில்லை.

வைகாசி வெயிலில் ஒரு நாள் காலையில் அந்தச் சிவப்புத் துண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. விடிகாலை பஸ்ஸில் ஏறி, திருப்போரூரில் மாறி வந்திருக்கிறார்.

"குந்துங்க சம்பந்தி" என்றாள் என் அம்மா, வேண்டா வெறுப்பாக.

"குந்தறதுக்கு வர்ல. இந்தப் பொண்ண ஒண்ணு கேக்கணும்." என்னைப் பார்த்தார். "அன்னிக்கி ஆட்டத்துல நீ தளந்தியா, நின்னியா?"

"இப்ப இன்னாத்துக்கு மாமா அது?" என்றேன்.

"முந்தாநாளு உன் வூட்டுக்காரன் எடது கவுத்துல தடுக்கி வுழுந்தான். அந்தப் பக்கம் பின்ன போய்ட்ச்சி. நான் துண்ட எடுக்கறதுக்குள்ள வலது பக்கம் முன்னாடி நிக்கறவன் இஸ்க்கறத வுட்டுட்டு அப்டியே நின்னுட்டான். எவன்டா நிக்கச் சொன்னான்னு கேட்டேன். அவன் வுழுந்தத பாத்தேன், நின்னேன்றான். வலது கவுத்த மட்டும் பாத்திருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்? தளந்துட்டான்னு சொல்லியிருப்பேன். அன்னிக்கி பொட்டில உன் காலு மட்டுந்தான் வந்திச்சி. அவன் காலு வர்ல. நான் ஒத்த கவுத்த பாத்து சொல்லிட்டேன்னு தோணுது. சொல்லு."

நான்கு மாதமாக இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று தவித்தவள் நான். கேட்டபோது அழுகைதான் முதலில் வந்தது. "அவரு திரும்ப வேண்டிய பக்கம் திரும்பல மாமா. நான் நின்னேன்" என்றேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. "கெளம்பு. இன்னிக்கி சனிக்கிழம" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வூட்லயும் தளரும்னு சொன்னீங்களே மாமா, அத எந்தத் துண்ட வீசித் திருப்புவீங்க?"

"அதுக்குத்தான் கூப்டறேன்" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை.

பஸ்ஸில் இடம் இருந்தது. அவர் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நின்றே வந்தார்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்து வாசலில் வழக்கம் போலக் கூட்டம். சின்ன மாமா பின்னால் போய் நிற்கவில்லை. நேரே முன்னால் போய்ப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். அவரை அந்த இடத்தில் யாரும் பார்த்ததில்லை. "அண்ணாத்த, மறைக்கிற" என்று யாரோ கத்தினார்கள்.

"பொட்டிய அணைங்க" என்றார். அணைத்தார்கள்.

"அஞ்சு மாசத்துக்கு முன்ன நான் ஒண்ணு சொன்னேன். ஒத்த கவுத்த பாத்துட்டு சொன்னேன். தப்பு. இந்தப் பொண்ணு தளரல. பின்தங்குனவன் வந்து சேர்றதுக்காக நின்னுச்சி. ரொம்ப நல்லா நின்னுச்சி."

என் மாமியார் எழுந்து, "இப்ப எதுக்கு அதெல்லாம், வுடுங்க" என்றார்.

"குந்துங்க அண்ணி." பிறகு கூட்டத்துக்குள் தேடி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "டேய், உன்னத்தான். எய்ந்திரு. அவ தளந்தாளா, நின்னாளா?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நின்னா" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஐயோ, இத்தனை சின்ன வார்த்தையா, இதைச் சொல்லவா நான்கு மாதம் என்று வயிறு எரிந்தது. மாமியார் என் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சின்ன மாமா தோளிலிருந்த துண்டை எடுத்துப் பஞ்சாயத்தார் முன்னால் வைத்தார். "ஒத்த கவுத்த பாத்து பேசனவன நம்பி முப்பது பேரு இஸ்க்கக் கூடாது" என்றார். அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கூடையோடு கரைக்குப் போனேன். மேட்டில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார். இடது கயிற்றின் கடைசியில், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் நிற்கிற இடத்தில், சின்ன மாமா ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு நாள் திட்டின வாய்தான், கிட்டப் போய்க் கெஞ்சியது.

"மாமா, நீங்க மேட்டுக்குப் போங்க. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல."

அவர் நிமிரவில்லை. "உனக்கு இல்ல. எனக்கு கீது" என்றார்.

நான்கு ஆள் முன்னால் என் வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவரோடு முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் செய்தேன், இரண்டு பிள்ளை பெற்றேன். கை நீட்டி அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, நல்ல மனுஷன்தான். ஆனால் எனக்கு கீது என்று சின்ன மாமா சொன்னாரே, அதை என் புருஷன் வாயால் ஒரு தரம் கேட்க வேண்டும் என்று கடைசி வரை காத்திருந்தேன். அவர் சொல்லாமலே போய்விட்டார்.